உங்களுக்கென்று ஒரு வாசனை: தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் நிலக்கோட்டைப் பக்கம் பூ மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். இப்போது சென்னையில் வேலை. எனக்கென்று ஒரு சென்ட் வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் தேடினேன். அது தெரிந்த தோழிகள், அத்தை மகள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அடையாள மணம் என்கிறார்களே, அது என்ன? ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டுமா?

நீங்கள் அறையை விட்டுப் போன பிறகும் அந்த மணத்தை வைத்து உங்களை நினைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, அதுதான். என் பாட்டியின் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்தால் வெட்டிவேரும் பழைய பட்டும் கலந்து ஒரு வாசம் வரும். அவர் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் எங்கேயாவது அந்த வாசம் வந்தால் பாட்டி வந்துவிட்டதாகவே மனம் எண்ணுகிறது.

ஒன்றுதான் வேண்டும் என்று விதி இல்லை. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று வைத்திருப்போர் உண்டு. ஆனால் பத்துப் புட்டிகளை மாற்றி மாற்றிப் பூசுகிறவருக்கு இப்படி ஒரு மணம் அமையாது.

எங்கிருந்து தொடங்குவது? கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது.

கடைக்குப் போகாதீர்கள், முதலில் வீட்டில் உட்காருங்கள். உங்களுக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த பத்து வாசனைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மழை விழுந்த புழுதி, சாம்பிராணிப் புகை, ஏலம் தட்டிய பாயசம், புதுப் புத்தகம், கோயில் சந்தனம், நார்த்தங்காய்த் தோல் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். பிடிக்காத ஐந்தையும் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வழிகாட்டி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்ட் பெட்டியில் உள்ள அயல்மொழிப் பெயர்களைப் பார்த்து, இது நமக்குத் தெரியாத உலகம் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பெயர்களில் பாதி நம் வீட்டுக்குள் இருப்பவை. வெட்டிவர் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது நம் வெட்டிவேர் என்ற சொல்லேதான். பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் போய் உலகச் சொல்லாகிவிட்டது. ஊத் என்பது அகில். ட்யூப்ரோஸ் என்றால் சம்பங்கி. சம்பாக் ஜாஸ்மின் நம் குண்டுமல்லி, சம்பகா நம் செண்பகம், பென்சாயின் நம் சாம்பிராணி. தவானா என்று ஒரு மூலப்பொருளை விலையுயர்ந்த சென்டுகளில் போடுகிறார்கள். கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துதான் அது. கெவ்டா என்றால் தாழம்பூ. பூக்கடையில் நின்று வளர்ந்த எவருக்கும் இந்த உலகத்தில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

இப்போது தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "நல்லதாக ஒன்று காட்டுங்கள்" என்று கேட்காமல் "வெட்டிவேர் சேர்ந்தது, இனிப்பு இல்லாதது" என்று கேளுங்கள். விற்பவரும் மகிழ்வார்.

ஈ.டி.பி., ஈ.டி.டி. என்று போட்டிருக்கிறதே?

மணப்பொருளின் அளவைக் குறிக்கும் எழுத்துகள். ஈ.டி.பி. என்பது ஓ டி பர்ஃபம், ஈ.டி.டி. என்பது ஓ டி ட்வாலெட் என்ற பிரெஞ்சுப் பெயர்களின் சுருக்கம். கொலோன் வகையில் சுமார் 2 முதல் 5 சதவீதம், ஈ.டி.டி.யில் 5 முதல் 15, ஈ.டி.பி.யில் 15 முதல் 20, எக்ஸ்ட்ரே என்று போட்டிருந்தால் அதற்கும் மேல். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். இவை வழக்கத்தில் உள்ள அளவுகளே. சட்டம் வகுத்தவை அல்ல. ஒரே பெயரில் இரண்டும் வந்தால் அடர்த்தி மட்டும்தான் வேறு என்று நினைக்க வேண்டாம். பல நேரம் கலவையையே மாற்றியிருப்பார்கள். இரண்டையும் முகர்ந்து பாருங்கள்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் ஓடிகொலோன் நனைத்த துணியை நெற்றியில் போடுவார்கள். அது இந்தக் கொலோன் வகைதான். 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா என்ற இத்தாலியர் தொடங்கிய மரபு, நம் ஊர் மருந்துக் கடை அலமாரிவரை வந்து சேர்ந்திருக்கிறது.

கடையில் எப்படி முகர்ந்து பார்ப்பது? காப்பிக் கொட்டை வைத்திருக்கிறார்களே?

முதலில் காகிதப் பட்டையில். அடித்தவுடன் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள். ஒரு நாளில் நான்கைந்து பட்டைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் பிடித்த இரண்டை மட்டும் தோலில் அடியுங்கள், கைக்கு ஒன்றாக. பிறகு பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். இதைச் செய்யத்தான் பலருக்குத் துணிவு வருவதில்லை. கூச்சப்பட வேண்டாம்.

மூக்கைத் தெளிவாக்கும் என்று கடைகளில் வைக்கும் காப்பிக் கொட்டையும் ஒரு பலத்த வாசனைதான். களைத்த மூக்குக்கு மேலும் ஒரு வேலை. அதற்குப் பதில் உங்கள் சட்டைக் கையையோ முழங்கை மடிப்பையோ முகருங்கள், அல்லது வாசலுக்கு வந்து சற்று நில்லுங்கள்.

மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பதும் பழகிப்போன ஒன்று. தேய்க்கும் சூட்டில், முதலில் எழும் மேல்மணம் சீக்கிரம் பறந்துவிடும். அடித்தபின் சும்மா விட்டுவிடுங்கள்.

கடையில் அருமையாக இருந்தது, வீட்டுக்கு வருவதற்குள் வேறாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சென்ட் என்பது பல பொருள்களின் கலவை. அவை ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள் சில நிமிடங்களில் எழுந்து அரை மணியில் போய்விடும். பூக்களும் மசாலாக்களும் அடுத்து வந்து இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், பிசின்கள், கஸ்தூரி வகைகள் கனமான மூலக்கூறுகள். அவை கடைசியில் வந்து மாலைவரை, சில நேரம் மறுநாள்வரை இருக்கும். கடையில் நீங்கள் முகர்ந்தது முதல் பத்து நிமிடத்தை. ஆனால் நீங்கள் வாழப்போவது கடைசி ஆறு மணி நேரத்தோடு.

எனக்கு இந்தப் பாடம் கொஞ்சம் விலை கொடுத்துக் கிடைத்தது. ஒரு விமான நிலையக் கடையில், பயணத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்த அவசரத்தில், காகிதத்தில் முகர்ந்ததை நம்பி 100 மில்லி புட்டி வாங்கினேன். முதலில் ஆரஞ்சுப் பூ. ஒரு மணி நேரம் கழித்து வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும். மே மாதம், நெரிசலான பஸ்ஸில், அந்த இனிப்பு என்னையே மூச்சுத் திணற வைத்தது. மூன்று முறைக்கு மேல் அதைப் பூச முடியவில்லை. சென்ட் நல்லதுதான், குளிர் நாட்டு டிசம்பரில் அழகாக இருந்திருக்கும்.

ஆகவே பிடித்ததைச் சிறு குப்பியில் வாங்குங்கள். இரண்டு மில்லி சாம்பிள், ஐந்து மில்லி பிரித்து விற்பது இப்போது எளிதாகக் கிடைக்கிறது. இரண்டு மில்லியில் இருபது முப்பது முறை அடிக்கலாம். ஒரு வாரம் அதை மட்டும் பூசுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, இரவு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். மறுநாள் காலை துவைக்கப் போடும் சட்டையை முகர்ந்து பாருங்கள். நான் வேறு எதையும்விட அந்தச் சட்டையைத்தான் நம்புகிறேன்.

நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் எது தாங்கும்?

சூட்டில் எல்லாமே வேகமாக ஆவியாகும். அதனால் இரண்டு விளைவுகள். லேசானவை சீக்கிரம் தீர்ந்துபோகும், கனமானவை அளவுக்கு மீறிப் பரவும். பாரிஸில் இரண்டு முறை அடிப்பதை இங்கே சித்திரையில் ஒரு முறை அடித்தால் போதும்.

1992-இல் வந்த ஏஞ்சல் என்ற சென்டுக்குப் பிறகு சாக்லேட், கேரமல், வெனிலா வாசனைச் சென்டுகள் ஒரு பெரும் அலையாக எழுந்தன. அவற்றை வெறுக்கவில்லை நான். மார்கழி இரவில் ஒரு துளி அழகு. ஆனால் ஏப்ரலில் நடுப்பகலில் வேண்டாம் என்பேன். 1988-இல் வந்த கூல் வாட்டர் என்ற சென்டுக்குப் பின் பரவிய கடல்காற்று வகை, சென்னையில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் அலுவலக லிஃப்டில் ஏறினால் நான்கு பேர் அதையே பூசியிருப்பார்கள். தனக்கென்று ஒன்று தேடுகிறவருக்கு அது இடைஞ்சல்.

என் தேர்வு வேர்களும் கட்டைகளும்தான். வெட்டிவேர் சூட்டில் இனிக்காது, கசக்காது, ஈர மண்ணின் குளுமையோடு இருக்கும். கோடையில் பானைத் தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேர் போட்டார்களே நம் வீட்டுப் பெரியவர்கள், அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. கெர்லான் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட வெட்டிவர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. முதன்முறை முகர்ந்தபோது எலுமிச்சையும் புகையிலையும் தாண்டி, அடியில் பாட்டியின் பெட்டி திறந்தது. நான் கடைசியில் எடுத்துக்கொண்டது அது அல்ல, இன்னும் மண்வாசம் கூடிய வேறொன்று. ஆனால் எனக்கான திசை அன்றுதான் தெரிந்தது.

சந்தனமும் நம் வெயிலுக்கு உகந்ததே. ஆனால் பெட்டியில் சந்தனம் என்று இருந்தால் அது நம் சந்தன மரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மைசூரில் 1916-இல் அரசுச் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கிய காலம் வேறு. இன்று அந்த எண்ணெயின் விலையில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியச் சந்தனத்தையோ ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகளையோதான் பயன்படுத்துகிறார்கள். அவற்றிலும் நல்லவை உண்டு. கோயில் சந்தனத்தைத் தேடிப் போகிறவர்தான் ஏமாறுவார்.

மல்லிகை சென்ட் எதுவும் நம் மல்லியைப் போல இல்லையே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சற்று நீளமாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு மல்லிகைகள். பிரான்ஸின் கிராஸ் நகரத்துச் சென்ட் மரபு வளர்ந்தது கிராண்டிஃப்ளோரம் என்ற இனத்தோடு. அது நம் பிச்சிப்பூ, ஜாதிமல்லி. மதுரை மல்லியோ சம்பாக் இனம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய பிரெஞ்சு மல்லிகைச் சென்டில் உங்கள் தலையில் வைத்த குண்டுமல்லியைத் தேடினால் கிடைக்காது. பிச்சிப்பூவைத் தேடுங்கள், தெரியும்.

இரண்டாவது, எண்ணெய் எடுக்கும் முறை. மல்லிகையை ரோஜாவைப் போல ஆவியில் காய்ச்ச முடியாது. சூட்டில் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கான்கிரீட் என்று பெயரிட்ட மெழுகு போன்ற பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் என்ற அடர்ந்த மணச்சாறு ஆக்குகிறார்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய 1000 கிலோ பூ வேண்டும். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம், கோவைப் பகுதிகளிலிருந்து இந்த அப்சல்யூட் உலகின் பெரிய சென்ட் நிறுவனங்களுக்குப் போகிறது. காலையில் மொட்டாகப் பறித்த மல்லியை மாலைவரை பரப்பி வைத்து, இரவில் அது வாய் திறந்த பிறகுதான் ஆலையில் போடுவார்கள். மொட்டில் மணம் இல்லை, விரியும்போதுதான் பிறக்கிறது. முழம் பூ வாங்கி மாலையில் தலையில் வைத்து, எட்டு மணிக்கு வீடு மணத்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மல்லிகையில் இந்தோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் அழுகல் வாடை. பூவுக்குள் இருக்கும்போது அதுதான் அந்தக் கிறக்கத்தைத் தருகிறது. பல நிறுவனங்கள் இதைக் குறைத்துச் சுத்தமான, சோப்புப் போன்ற மல்லிகையைச் செய்கின்றன. 1966-இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா செய்த ஓ சவாஜ் என்ற சென்டில் ஹெடியோன் என்ற செயற்கை மூலக்கூறு பெயர் பெற்றது. மல்லிகையின் காற்றோட்டமான பகுதியை மட்டும் தருவது அது. இன்று அது இல்லாத சென்ட் அரிது. அழகான பொருள்தான், ஆனால் அது மல்லிகையின் வெளிச்சம் மட்டும். இருட்டுப் பகுதி அதில் இல்லை.

எனவே பெட்டியில் சம்பாக் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தோலில் இரண்டு மணி நேரம் கழித்தும் கொஞ்சம் வாழைப்பழம், கொஞ்சம் பச்சைத் தேயிலை, கொஞ்சம் கிறக்கம் என்று மூன்றும் இருந்தால் அதில் நம் ஊர் இருக்கிறது.

அத்தர் நல்லதா, சென்ட் நல்லதா?

இரண்டும் இரண்டு கலை. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில், செப்புப் பாத்திரத்தில் பூவையும் நீரையும் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் குடுவையில் பிடிக்கிறார்கள். பூ பூவாக மாற்றி மாற்றி நாள்கணக்கில் நடக்கும் வேலை. சுட்ட மண்ணையே காய்ச்சி மழை வாசத்தையும் பிடித்துவிடுகிறார்கள். மிட்டி அத்தர் என்று பெயர். வாழ்நாளில் ஒரு முறையாவது அதை முகர்ந்து பாருங்கள்.

அத்தரில் ஆல்கஹால் இல்லை. தோலை ஒட்டியே இருக்கும், நெருங்கி வருபவருக்கு மட்டும் தெரியும். சந்தன எண்ணெய் விலை ஏறியதால் பாரஃபின் போன்ற மலிவான அடிப்படையில் செய்தவையும் நிறைய வருகின்றன. மிகக் குறைந்த விலைக்கு "சுத்தமான ஊத்" என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம். பூஞ்சை தாக்கிய அகில் மரத்தில்தான் அந்தப் பிசின் ஊறுகிறது, அது அபூர்வம். திருவல்லிக்கேணியிலோ நாகூரிலோ பழைய அத்தர் கடை ஒன்றில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் பேசினால், அந்தப் பெரியவர்கள் ஒரு துளியைப் புறங்கையில் வைத்துச் சொல்லித் தருவார்கள்.

மற்றவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும் வாசனையே வரவில்லை. என் மூக்கில் குறையா?

பெரும்பாலும் பழக்கம். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூளை அதை ஒதுக்கிவைத்துவிடும். வரவில்லையே என்று மேலும் மேலும் அடித்தால் பக்கத்தில் இருப்பவர்தான் பாவம்.

இன்னொரு காரணமும் உண்டு. மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை வேலை செய்கின்றன; இவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகள் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். சில கஸ்தூரி மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது. என் தங்கைக்குப் பட்டுப்போன்ற மணமாகத் தெரிந்த ஒன்று எனக்கு வெறும் தண்ணீர். அதனால்தான் பிறர் எழுதும் விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் மூக்கு வேறு.

ஆண்களுக்கானதைப் பெண்கள் பூசலாமா?

தாராளமாக. 1889-இல் வந்த கெர்லானின் ஜிக்கி என்ற சென்டை இரு பாலரும் பூசினார்கள். நம் ஊரில் சந்தனத்துக்கும் ஜவ்வாதுக்கும் ஆண் பெண் என்று யார் எழுதிவைத்தார்கள்? நான் பூசுவது ஆண்கள் அலமாரியில் இருந்து எடுத்ததுதான்.

எங்கே அடிப்பது? தோல் அரிக்குமா?

குளித்துத் துடைத்த தோலில், மணமில்லாத தேங்காய் எண்ணெயோ கிரீமோ லேசாகத் தடவிய பிறகு. வறண்ட தோலில் மணம் நிற்காது. கழுத்தின் பின்புறம், முழங்கை மடிப்பு போதும். பட்டில் நேராக அடிக்க வேண்டாம், கறை விழும். பெர்கமாட் போன்ற சில எலுமிச்சை வகை எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலைக் கருக்கச் செய்யலாம். கழுத்தில் அடித்துவிட்டு உச்சி வெயிலில் நிற்காதீர்கள். புதியதை முழங்கையின் உட்புறம் அடித்து ஒரு நாள் பாருங்கள். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

வெளிச்சமும் சூடும் எதிரிகள். குளியலறை கூடாது. பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள்.

இதுதான் என்னுடையது என்று எப்படித் தெரியும்?

ஐந்து மில்லி குப்பி தீர்ந்துபோய், மறுநாள் காலை கை தானாக அதைத் தேடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதே வாரம் அம்மா ஊரிலிருந்து வந்து, என் தலையணையில் முகம் வைத்துப் படுத்தவர், "பாட்டி பெட்டியைத் திறந்தாயா?" என்று கேட்டார். அன்று மாலையே பெரிய புட்டி வாங்கினேன்.

தேடிக் கண்டுபிடித்ததை நிறுவனம் நிறுத்திவிட்டால்? கலவையை மாற்றிவிட்டால்?

நடக்கிறது. விதிகள் மாறுகின்றன, 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் லிலியல் என்ற மூலப்பொருளைத் தடை செய்தபோது பல சென்டுகளைத் திருத்த வேண்டி வந்தது. சென்டில் சேர்க்கும் ஓக் மரப்பாசிக்கும் கட்டுப்பாடுகள் வந்ததால் பழைய பிரெஞ்சுச் சென்டுகள் பல இன்று முன்போல் இல்லை. பழைய கலவைகளைக் காத்துவைக்கவே பிரான்ஸின் வெர்சாய் நகரில் 1990-இல் ஒஸ்மோதெக் என்ற காப்பகம் தொடங்கினார்கள்.

நாம் செய்யக்கூடியது சிறியது. உறுதியாகப் பிடித்துவிட்டால் ஒரு புட்டி கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் இருட்டில் வையுங்கள். நல்ல சென்ட் பல ஆண்டுகள் கெடாது. புட்டியின் அடியில் உள்ள தொகுப்பு எண்ணைக் குறித்துவையுங்கள். புதிய புட்டி வாங்கும்போது பழையதில் மிஞ்சிய சொட்டுகளை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் அடித்து, நான்கு மணி நேரம் கழித்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். என்னிடம் இப்போது இரண்டாவது புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கிறது. மூன்றாவது பீரோவில், பாட்டியின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.